உன் அறையில் கேட்கும் உப்புத்தாள் சத்தம்

விரல் நுனியில் எப்போதும் பசை காய்ந்திருக்கும் என் சரோ அக்காவுக்கு,

அம்மா இன்று சாப்பிட்டாள். ரசம் சாதம், சுட்ட அப்பளம், பாதி வாழைப்பழம். நீ முதலில் கேட்பது அதைத்தான் என்று தெரியும். அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

வருகிற கார்த்திகையில் உனக்கு வருஷத் திதி. பேப்பரில் உன் போட்டோவைப் போட்டு, கீழே நாலு வரி போடலாம் என்கிறார் என் வீட்டுக்காரர். நானும் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். 'ஆறாத் துயரில் வாடும்' என்பதற்கு மேல் பேனா நகரவில்லை. நாலு வரியில் இந்த ஒரு வருஷத்தை எங்கே அடைப்பது? அதனால்தான் அந்தப் பேப்பருக்கே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். ஊரே படித்தாலும் படிக்கட்டும். உன்னிடம் பேச எனக்கு வேறு வழி தெரியவில்லை.

படிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு உன்னை ஜெராக்ஸ் கடை சரோஜாவாகத்தான் தெரியும். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஆதார் அட்டையும் பட்டாவும் நகல் எடுத்துக்கொடுத்த பெண். கட்டிக்கொண்ட இடம் சரிப்படாமல் திரும்பி வந்து அம்மாவோடு இருந்துவிட்டவள். நான் ராஜகுளத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போன பிறகு அம்மாவுக்குப் பிள்ளையும் நீ, பெண்ணும் நீ. ஆனால் சாயந்திரம் கடையைப் பூட்டிவிட்டு வந்து உள்ளறையில் உட்கார்ந்தால் நீ வேறு ஆள் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

நம்மைப் பெற்ற நைனா ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் அது தொடங்கியது. வார்டுக்கு வெளியே ஒரு மர பெஞ்சு. ராத்திரி பகலாக நீ அதில்தான் இருந்தாய். நைனா போன பிறகு ஒருநாள் ஐஸ் குச்சிகளை நகவெட்டியால் நறுக்கி, ஒட்டி, அதே பெஞ்சை என் உள்ளங்கையில் வைத்தாய். ஒரு பக்கம் பலகை தேய்ந்து பள்ளமாகியிருந்தது. "இந்தப் பக்கந்தான் எல்லாரும் குந்துவாங்க. இங்கேர்ந்து பாத்தாதான் வார்டு கதவு தெரியும்" என்றாய்.

அதற்குப் பிறகு நீ நிறுத்தவேயில்லை. சலூன் நாற்காலி, ரேஷன் கடை முக்காலி, பஞ்சாயத்து ஆபீசில் முதுகில் துண்டு போர்த்திய நாற்காலி, எல்லாம் விரல் நீளத்தில். கல்யாண மண்டபத்துப் பிளாஸ்டிக் சேர் ஒன்று, கால் வெடித்துக் கம்பியால் தைத்தது, அதைக்கூட மரத்தில் செய்து சிவப்பு அடித்துக் கம்பித் தையலும் போட்டாய். உடைந்ததை எதற்குச் செய்கிறாய் என்று நான் சிரித்தேன். "புதுசா கீறத எவன் வேணும்னாலும் செய்வான்டி. ஒரு நாற்காலியப் பாத்தா அதுல யாரு குந்திக்கினு இருந்தாங்கன்னு தெரியணும்" என்றாய். இப்போது அந்தச் சேரை எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் அதில் நீதான் உட்கார்ந்திருக்கிறாய்.

போன வருஷம் மழை பிடித்த வாரத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. ஊரில் பாதிப் பேருக்கு வந்ததுதானே என்று நீயே மாத்திரை போட்டுக்கொண்டாய். ரத்த அணு இறங்கிவிட்டது, செங்கல்பட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று டாக்டர் சொன்னபோது நான் ஆம்புலன்சில் உன் தலைமாட்டில் உட்கார்ந்து வந்தேன். "அம்மாவுக்குச் சோறு போட்டியா?" என்று கேட்டாய். போட்டேன் என்றேன். அதற்குப் பிறகு நீ எதையும் கேட்கவில்லை. பாலத்தைத் தாண்டும்போது உன் கை என் மடியிலிருந்து நழுவியது. தூங்குகிறாய் என்று நினைத்து எடுத்து மறுபடி மடியில் வைத்துக்கொண்டேன்.

அக்கா, சாவை நான் தாங்கிக்கொண்டேன். அதற்குப் பின்னால் வந்ததுதான் என்னை உடைத்துப் போட்டது.

அம்மாவுக்கு ஞாபகம் நழுவத் தொடங்கிய கதை உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மாட்டைத் தேடிப் போவாள். மாட்டை விற்று எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. ஆனால் உன் சாவு வீட்டில் அம்மாவுக்கு எல்லாம் தெளிவாக இருந்தது. உன் கால்மாட்டில் உட்கார்ந்து, பாதத்தைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். பார்த்தவர்களெல்லாம் அழுதார்கள். காரியம் முடிந்த மறுநாள் காலையில் எழுந்து வந்து என்னிடம் கேட்டாள்: "சரோ கடைக்குப் போய்ட்டாளா? நாஷ்டா துன்னாளா?"

நான் சொன்னேன். சொல்லத்தான் வேண்டும் என்று நினைத்தேன். கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா செத்துப்போச்சும்மா" என்றேன்.

அம்மா அன்றுதான் முதல்முறை கேட்பதுபோல் கேட்டாள். மார்பில் அடித்துக்கொண்டு தரையில் புரண்டாள். "எனக்கு ஏன்டி யாரும் சொல்லல? என் பொண்ணு மொகத்தக்கூட பாக்கலியே" என்று கத்தினாள். அக்கம்பக்கத்தார் ஓடி வந்தார்கள். மத்தியானம் களைத்துத் தூங்கினாள். எழுந்ததும், "சரோ வந்துட்டாளா?" என்றாள்.

மறுபடி சொன்னேன். மறுபடியும் நீ அப்போதுதான் செத்தாய். எத்தனை தடவை உன்னைக் கொன்றேன் என்று எனக்குக் கணக்கில்லை அக்கா. ஒரு கட்டத்தில் எனக்கு வாய் வரவில்லை. "கடைக்குப் போயிருக்கு, வரும்" என்று சொல்ல ஆரம்பித்தேன். அதற்கு அம்மா, "அப்ப அவ வரட்டும். வந்தா ஒண்ணா துன்றேன்" என்று தட்டைத் தள்ளிவிட்டாள்.

காலையிலும் அதே பதில், சாயந்திரமும் அதே பதில். பிசைந்து வாயருகே கொண்டுபோனால் உதட்டை இறுக்கிக்கொள்வாள். தொட்டால் எலும்புதான் கையில் பட்டது.

என் வீட்டுக்காரரை உனக்குத் தெரியும், சேகர் நல்ல மனுஷன்தான். இரண்டு வீட்டுக்கும் அலைய வேண்டாம், அம்மாவை ராஜகுளத்துக்கே கூட்டி வந்துவிடு என்றார். கார் வைத்துக் கூட்டிப்போனோம். அங்கே எங்கள் வீட்டுத் தறிச் சத்தம் கேட்டதும் அம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். "இது யாரு வூடு? என்ன எங்க இஸ்துக்கினு வந்துட்டீங்க? சரோ தேடுவா, என்ன வுடுங்க" என்று தெருவே கூடும்படி அலறினாள். அவளை மறுபடி அதே காரில் ஏற்றிக்கொண்டு உத்திரமேரூருக்கே திரும்பினோம். காஞ்சிபுரத்து ஜவுளிக் கடையில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு நான் அம்மாவோடு தங்கினேன்.

வந்து பார்த்த டாக்டர் அம்மாவின் தோலைக் கிள்ளிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இப்படியே போனா இந்த வாரக் கடைசியில மூக்கு வழியா டியூப் போட்டுத்தாம்மா சாப்பாடு குடுக்கணும். அவங்க அத புடுங்கிப் போடாம இருக்கக் கையக் கட்ட வேண்டி வரும்." கையைக் கட்டுவதா? நம் அம்மாவின் கையையா?

அன்று மத்தியானம் உன் அறைக்குள் போனேன். ஆஸ்பத்திரிக் கட்டில் ஒன்று வாடகைக்கு எடுத்து அம்மாவை அங்கே போடலாம், அதற்கு இடம் ஒழிக்கலாம் என்றுதான் போனேன். உன் மணைக்கு முன்னால் எல்லாம் நீ விட்டபடியே கிடந்தது. சின்ன ரம்பம், அரம், பூசணம் பிடித்த பசைக் கிண்ணம். ஊஞ்சல் பலகை மாதிரி ஒரு தேக்குத் துண்டு, பக்கத்தில் மடித்த உப்புத்தாள். எனக்கு ஒன்றும் செய்யத் தோன்றவில்லை. உட்கார்ந்து அந்தத் துண்டை எடுத்தேன். கை சும்மா இருக்க மாட்டாமல் உப்புத்தாளால் தேய்த்தேன். சர்க், சர்க் என்று.

வெளியிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

"சரோ! போதும்டி. கண்ணு கெட்டுடும். வந்து துன்னு."

இத்தனை வருஷம் சாயந்திரமானால் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதானே அம்மா அடுப்படியில் இருந்திருக்கிறாள்? அது நின்றால் நீ எழுந்து வருவாய், இரண்டு பேரும் சாப்பிடுவீர்கள். அது எனக்குத் தெரியாமல் போய்விட்டது. ராஜகுளத்தில் இருந்தவளுக்கு எப்படித் தெரியும்?

இன்னும் கொஞ்சம் தேய்த்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாதத்தைப் பிசைந்து எடுத்துக்கொண்டு போனேன். "அக்கா வேலையா கீதும்மா. உன்ன துன்னச் சொல்லுச்சு" என்றேன். அம்மா உள்ளறைக் கதவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "அவளுக்கு எடுத்து வெச்சிட்டியா?" என்றாள். வைத்துவிட்டேன் என்றதும் வாயைத் திறந்தாள்.

டியூப் போடவில்லை அக்கா. கையைக் கட்டவில்லை. ஆனால் அன்றிலிருந்து இரண்டு வேளையும் நான் உன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, நீ உயிரோடு இருப்பதுபோல் தேய்த்தேன். இதைப் படிக்கிறவர்கள் என்ன நினைப்பார்களோ. வேறு எந்த மகளாவது இப்படிச் செய்திருப்பாளா? வேறு என்ன செய்திருக்க வேண்டும்? யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் அதைச் செய்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்த சேகர் கதவைத் திறந்து பார்த்துவிட்டார். கையில் ஒரு துண்டு மரத்தை வைத்துக்கொண்டு சும்மா தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.

"இன்னா பண்ணிக்கினு கீற கலா?"

சொன்னேன். அவர் முகம் மாறியது.

"செத்தவ மாதிரி நடிச்சிக்கினு கீறியா? இது எத்தினி நாளிக்கு? அவங்களுக்குத்தான் மூளை கலங்கிப்போச்சு. உனக்கும் கலங்கிடும்டி."

"அம்மா துன்னுதுங்க."

"துன்னுது. நீ துன்றியா?"

நான் நீயாக இருக்கும் நேரம் போக மீதி நேரத்தில் நான் யார் என்பதே எனக்கு மறந்துகொண்டிருந்தது. கண்ணாடி பார்த்து நாளாகியிருந்தது.

ஆனால் அந்த மனுஷனே, எனக்கு உடம்பு சரியில்லாமல் படுத்த நாளில், கேட்காமலே உன் அறைக்குள் போய் உட்கார்ந்தார். தேய்க்கும் சத்தம் வந்தது. நான் பாயில் படுத்தபடி கேட்டேன். அம்மா தலையைத் தூக்கினாள்.

"யாருடி உள்ள தறி அடிக்கிறது? அது சரோ கை இல்லியே."

சேகர் வெளியே வந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாசற்படியில் போய் உட்கார்ந்துவிட்டார். பிறகு நான் காய்ச்சலோடு எழுந்துபோய்த் தேய்த்தேன். அம்மா சாப்பிட்டாள். அதற்குப் பிறகு அவர் என்னை எதுவும் சொன்னதில்லை.

என் கை மட்டும் எப்படி உன் கை ஆயிற்று? ஒரே தாய் வயிற்றில் பிறந்ததாலா? அல்லது தெரிந்தே அம்மா எனக்கு மட்டும் விட்டுக்கொடுத்தாளா?

ஆடி கழிந்ததும் ஐயங்கார்குளத்திலிருந்து ருக்மணி அம்மா வந்தார்கள். அவர்கள் வீட்டுக் கொலுவில் மரப்பாச்சி ஜோடிக்கு ஊஞ்சல் செய்து தருவதாக நீ சொல்லியிருந்தாயாமே. உன் சேதி அவர்களுக்குத் தெரியாது. வாசலிலேயே நிறுத்தி, மெல்லச் சொல்லலாம் என்று நான் வாயெடுப்பதற்குள் அம்மா உள்ளேயிருந்து கூப்பிட்டாள்.

"வாம்மா, குந்து. உன் ஊஞ்சலத்தான் சரோ உள்ள செஞ்சிக்கினு கீறா. கொலுவுக்குள்ள வந்துடும்."

ருக்மணி அம்மா சிரித்தபடி உட்கார்ந்துவிட்டார்கள். கிளம்பும்போது தெருமுனை வரை கூடப் போய்த்தான் சொன்னேன். அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். ஊஞ்சல் வராது, வேறு யாரிடமாவது சொல்லிக்கொள்ளுங்கள் என்றேன். போகத் திரும்பியவர்கள் மறுபடி வந்து என் கையைப் பிடித்தார்கள். "உங்க அம்மா வரும்னு சொல்லிட்டாங்களேம்மா. கோணலா இருந்தாலும் பரவாயில்ல. நீ செஞ்சு குடு" என்றார்கள்.

அப்போதுதான் ஓடிப்போய்ப் பார்த்தேன். நான் மாதக்கணக்கில் தேய்த்துக்கொண்டிருந்த அந்தத் தேக்குத் துண்டுதான் நீ ருக்மணி அம்மாவுக்காக அறுத்து வைத்திருந்த ஊஞ்சல் பலகை. தேய்த்துத் தேய்த்து அதை அப்பளமாக்கியிருந்தேன். விரலால் அழுத்தியதும் பிளந்துபோனது.

மரக்கடை பாயிடம் போய்த் துண்டு கேட்டேன். "சரோஜாம்மா எடுத்துக்கினு போற எடம் அதோ அந்த மூலை. நீயும் பாத்து எடுத்துக்கோம்மா" என்றார். எதைப் பார்த்து எடுப்பது என்றே எனக்குத் தெரியவில்லை. முதலில் எடுத்த மரம் ரம்பம் பட்டதும் பிளந்தது. அடுத்ததில் வரிவரியாக ஓடும் நரம்பு குறுக்கே போனது. அறுப்பதற்கு முன்னால் மரத்தைத் திருப்பித் திருப்பி வெளிச்சத்தில் பார்ப்பாயே, எதற்கென்று அப்போதுதான் விளங்கியது. நரம்பு போகிற பக்கம் போனால் மரம் பேசாமல் வருகிறது. எதிர்த்துப் போனால் முறைத்துக்கொள்கிறது.

கை பழக ஒரு நாற்காலி செய்து பார்த்தேன். ஒரு கால் ஆடியது. அதைக் குறைத்தால் இன்னொன்று நீளம். அதையும் குறைத்தேன். குறைத்துக் குறைத்துக் கடைசியில் நாற்காலி மணையாகிவிட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தேன் அக்கா. உன் சாவுக்குப் பிறகு நான் சிரித்தது அன்றுதான். சிரித்த உடனே வாயைப் பொத்திக்கொண்டேன்.

ஊஞ்சல் ஒருவழியாக நின்றது. என் பழைய கவரிங் செயினை நறுக்கிச் சங்கிலி போட்டேன். ஊக்கை வளைத்துக் கொக்கி போட்டேன். தூண் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துச் சாய்ந்திருந்தன. பசை காய்வதற்காக அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, எனக்கு அம்மா நினைவும் இல்லை, உன் நினைவும் இல்லை. அந்த இரண்டு தூண் மட்டும்தான் உலகத்தில் இருந்தது. இதற்காகத்தான் நீ கதவைச் சாத்திக்கொண்டாயா? எல்லாவற்றையும் இறக்கி வைக்க உனக்கு இந்த இடம் இருந்ததா? எனக்கு ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தாலும் எனக்குப் புரிந்திருக்காது.

ருக்மணி அம்மா கொலுவைப் போட்டோ எடுத்து அனுப்பினார்கள். மரப்பாச்சி மாப்பிள்ளை ஒரு பக்கமாகச் சரிந்து, பெண்ணின் தோளில் விழுந்துகொண்டிருந்தான். அம்மாவிடம் காட்டினேன். "குடிச்சிட்டு வந்துட்டான் போல கீது" என்றாள்.

அக்கா, அதற்குப் பிறகு நான் நிஜமாகவே செய்யத் தொடங்கினேன். தேய்ப்பது நடிப்பாக இல்லை. ஒரு கட்டில் செய்தேன், ஒரு அலமாரி செய்தேன். கதவு மூடாத அலமாரி. உன்னளவுக்கு வராது. ஆனால் ஒவ்வொன்றும் முந்தினதைவிடக் கொஞ்சம் ஆடாமல் நின்றது.

ஐப்பசி மழையில் ஒரு மத்தியானம். உன் அறையில் உட்கார்ந்து ஒரு காலைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது. அம்மா நின்றுகொண்டிருந்தாள். யாரும் பிடிக்காமல் சுவரைத் தடவிக்கொண்டே அவ்வளவு தூரம் வந்திருக்கிறாள். என் கை அப்படியே நின்றது. ஒளிக்க முடியவில்லை. எங்கே ஒளிப்பது?

"கலாவா?" என்றாள்.

"ஆமாம்மா."

அறையைச் சுற்றிப் பார்த்தாள். உன் மணையைப் பார்த்தாள். ஆணியில் தொங்கிய உன் பையைப் பார்த்தாள். என் பொய்யெல்லாம் வாய்க்குள் வந்து நின்றது. கடைக்குப் போயிருக்கிறாள், இப்போதுதான் போனாள், வந்துவிடுவாள்.

"அவ செத்துட்டா இல்லடி?"

நான் தலையை ஆட்டினேன்.

"நான் பாத்தனே. மஞ்சப் பொடவ கட்டி வுட்டிருந்தீங்க. கால் சில்லுன்னு இருந்துச்சு." கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். அலறப் போகிறாள் என்று நான் எழுந்தேன். அவள் அலறவில்லை. "அப்ப இத்தினி நாளா நீதான் தேச்சிக்கினு இருந்தியா?"

"ஆமாம்மா."

என் கையை இழுத்துத் திருப்பிப் பார்த்தாள். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து சிவந்திருந்தது. தன் கட்டைவிரலால் அதைத் தடவினாள்.

"எரியலியா?"

அந்த ஒரு வார்த்தைக்கு நான் உடைந்துவிட்டேன். உன்னைக் கொண்டுபோன அன்றுகூட அப்படி அழவில்லை. அம்மாவின் மடியில் தலையை வைத்து அழுதேன். "எரியுதும்மா, ரொம்ப எரியுது" என்றேன். அம்மா அழவில்லை. மழை நிற்கும்வரை என் முடியைக் கோதிக்கொண்டிருந்தாள். அன்று சாயந்திரம் தட்டைத் தானே எடுத்து வைத்துக்கொண்டு சாப்பிட்டாள். என் தட்டிலும் போட்டாள்.

நான் சேகருக்குப் போன் போட்டேன். "அம்மாவுக்குத் தெரிஞ்சிடுச்சுங்க. தாங்கிக்கிச்சு. இனிமே பயமில்ல" என்றேன். அவர் அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சினார். பாரம் இறங்கிவிட்டது என்றே நம்பிவிட்டேன் அக்கா. எவ்வளவு பெரிய முட்டாள் நான்.

மறுநாள் காலையில் காபியோடு போனேன். அம்மா முகம் மலர்ந்து என்னைப் பார்த்தாள்.

"சரோ, கடைக்கு நாழி ஆவலியா? நாஷ்டா துன்னியா?"

பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

"நான் கலாம்மா."

அம்மா சிரித்தாள். "கலா ராஜகுளத்துல கீறா. நீ இன்னாடி காலைலியே வெளாடற?"

எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். கல்யாணப் போட்டோவைக் காட்டினேன். சேகரைப் பக்கத்தில் நிறுத்திக் காட்டினேன். "சரோ, தங்கச்சி வூட்டுக்காரரு வந்துகிறாரு பாரு, தண்ணி குடு" என்றாள். அவர் என் முகத்தைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டார். அன்றிலிருந்து இந்த வீட்டில் நான் நீதான். தேய்க்க வேண்டியதில்லை, கதவைச் சாத்த வேண்டியதில்லை. நீ வந்துவிட்டாய், அம்மாவுக்குக் குறை தீர்ந்தது.

தீர்ந்ததா? இந்த வாரம் தொடங்கி வேறொன்றைக் கேட்கிறாள்.

"கலா ஏன்டி வரவே மாட்டேன்றா? அவளுக்கு எதனா ஆய்டுச்சா? எங்கிட்ட மறைக்கிறீங்களா?"

முதல்முறை கேட்கும்போது நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்குத் தலை சீவிக்கொண்டிருக்கிறேன். அவள் என்னைத் தேடி வாசலைப் பார்க்கிறாள். "பாவம்டி அந்தப் பொண்ணு. ஒண்டியா கீறா. நீ பெரியவ, தைரியக்காரி, எப்டினா பொழச்சிக்குவ. அவளுக்கு அது கெடையாது. ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வாயேன்" என்கிறாள். நான் இருக்கும்போது அம்மா என்னைப் பற்றி இப்படியெல்லாம் பேசியதில்லை. நான் தொலைந்த பிறகுதான் கேட்கக் கொடுத்துவைத்தது.

எவ்வளவு கத்த வேண்டும்போல் இருந்தது தெரியுமா? இதோ இருக்கிறேன், உன் கண்ணுக்கு முன்னால் இருக்கிறேன், என்னைப் பார் என்று உலுக்க வேண்டும்போல் இருந்தது. சீப்பைக் கீழே வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? இருவர் செத்த வீடு இது அக்கா. ஒருத்திக்குத்தான் திதி.

இன்று காலையில் மறுபடி கேட்டாள். இந்த முறை நான் எழுந்து ஓடவில்லை. கை அதுபாட்டுக்கு மரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தது. அதிலிருந்து கண்ணை எடுக்காமல், உன் குரலில் இழுத்துச் சொன்னேன்.

"கலா நல்லா கீறாம்மா. நாற்காலி செய்யக் கத்துக்கினா."

"யாரு, அவளா? அவளுக்கு எங்க பொறும?"

"வந்துடுச்சும்மா. கொஞ்சம் கொஞ்சமா வந்துடுச்சு. மொத ஒண்ணு மணை ஆய்டுச்சு. இப்ப ஆடாம நிக்குது."

அம்மா நம்ப முடியாமல் தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு, "அப்ப அவ செஞ்சத ஒண்ணு கொண்டாரச் சொல்லு. பாக்கணும் போல கீது" என்றாள்.

செய்கிறேன் அக்கா. இந்த முறை யாருக்காகவும் இல்லாமல் கலாவுக்காக ஒரு நாற்காலி செய்கிறேன். தேக்கு எடுத்து வைத்துவிட்டேன், நரம்பு பார்த்துவிட்டேன். முடிந்ததும் அம்மா கையில் கொடுத்து, கலா கொடுத்தனுப்பினாள் என்பேன். கோணல் என்று சொல்வாளோ, நன்றாக இருக்கிறது என்பாளோ, தெரியாது. ஒவ்வொரு நாளும் என்னைப் பற்றி நல்ல சேதியாக ஒன்று அவளுக்குச் சொல்வேன். சொல்வதற்காகவாவது நல்லது ஒன்று எனக்கு நடக்கும்படி பார்த்துக்கொள்வேன். அம்மா மூச்சிருக்கும்வரை உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நான் 'தோ வரேம்மா' என்பேன். இது உனக்கு நான் கொடுக்கும் சத்தியம்.

என் பெயரைக் கூப்பிட இந்த வீட்டில் இப்போது ஆளில்லை. இங்கே எழுதி வைக்கிறேன். நீயாவது ஒரு தடவை கூப்பிடு.

உன் ஒரே தங்கச்சி,
கலா